பள்ளத்தைப் பார்த்த கொம்பு

ஏணியா? இருக்குதுங்க தம்பி. இல்லைன்னு சொல்லுவனா? கோழிச் செட்டுக்குப் பொறகால சாத்தி வெச்சிருக்குது, நல்ல மூங்கில் ஏணி. ஆனா இப்பத் தர மாட்டேன். மொதல்ல இப்படி வேப்ப மரத்தடியில உக்காருங்க, இந்த மோரைக் குடிங்க. வேகாத வெயில்ல வந்திருக்கறீங்க. கூட வந்த லாரிக்காரங்க பள்ளத்துக்குப் போயிட்டாங்களா? போகட்டும். அவிங்க வேலையை அவிங்க பாக்கட்டும், நம்ம பேச்சை நாம பேசுவோம்.

உங்க கம்பெனியில என்ன சொல்லி அனுப்புனாங்க? மேட்டு ஊட்டு மொட்டை மாடியில பொட்டி இருக்குது, அதுல பள்ளத்தைப் பார்த்த ஆன்டெனாக் கொம்பைக் கழட்டிட்டு வந்துரு, பள்ளத்துல புதுசா உசரமாக் கம்பம் நடப் போறோம், இனிமே அந்தம்மா தயவு நமக்கு வேண்டியதில்லைன்னு. அப்படித்தானுங்களே? அந்தம்மா வாயாடி, பாத்துப் பேசுன்னும் சொல்லியிருப்பாங்க. சிரிக்காதீங்க, எனக்குத் தெரியும். சரி, வாயாடிதான், இல்லைங்கலை. வாயாடி சொல்றதையும் சித்த கேட்டுட்டுப் போங்க. உங்க ஆபீஸ்ல ஒரு பக்கந்தான் கேட்டிருப்பாங்க.

தம்பி வெளியூருங்களா? பேச்சே சொல்லுது. அப்ப ஊரு அமைப்பைச் சொல்லிப்போடறேன். இது மேடு. இங்க நானு, எங்கூட்டுக்காரரு, எம்புள்ள கீர்த்தனா, அந்தக் கோழிச் செட்டு. அதா, அந்தத் தென்னை மரத்துக்கு அக்கட்ட ஓட்டு ஊடு தெரியுது பாருங்க, அது பள்ளம். அந்த ஊட்டுக்காரரு பேரு நாச்சிமுத்து. என்ற கூடப் பொறந்தவருதானுங்க, மூத்தவரு. ஆனா நான் முறை சொல்லிக் கூப்பிடறதில்லை. பள்ளத்து ஊட்டுக்காரருன்னுதான் சொல்லுவேன். எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை கெடையாது. கீர்த்தனா பெரிய மனுசியான வருசத்துல இருந்து கெடையாது. இப்ப அதுக்குக் கண்ணாலமே கூடி வந்திருச்சு, பாத்துக்குங்க.

எதுக்குச் சண்டைன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்லைங்க, நானே சொல்றேன்.

புள்ள பெரிய மனுசியானா தாய்மாமன் வந்து பச்சை ஓலையில குச்சு கட்டோணும். அது எங்க பக்கத்து வழக்கம். நான் சொல்லி உட்டேனுங்க. பால் சொசைட்டி ஆறுச்சாமிகிட்ட, "பள்ளத்துல சொல்லிப்போடு, நாளைக்கு வெடியால குச்சு கட்ட வரோணும்"ன்னு சொல்லி உட்டேன். ஆறுச்சாமி சொன்னேங்கறான். அவரு யாரும் சொல்லலைங்கறாரு. நேருல வந்து வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டிருக்கோணுமாம். ஏனுங் தம்பி, அன்னைக்குத்தான் எனக்குக் கோழிக்குஞ்சு எறங்குது, ஒரு லாரிக் குஞ்சு. குஞ்சு எறங்குற அன்னைக்கு எவளாவது ஊட்டை உட்டு நகருவாளா? நாலு எட்டு எறங்குனா அவரூடு, நான் இல்லைங்கலை. ஆனா ஆள் உட்டுச் சொன்னா அது சொன்னதுல சேராதா?

சீரு அன்னைக்கு வந்த ஒறம்பரைச் சனம் பூரா மாமன் எங்க, மாமன் எங்கன்னு கேக்குது. கடைசியில பெரியப்பா மகன் ஒருத்தரை நிறுத்திக் கட்டுனோம். புள்ள மொகமே விழுந்து போச்சு. அடுத்த நாளு இவரு அந்த வரப்புல நின்னுக்கிட்டு, ஊரே கேக்கற மாதிரி, "கூப்பிடாத ஊட்டுக்கு நாய்தான் போகும்"ன்னாரு. அதுதானுங்க அவரு வாயில இருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு. இன்னும் காதுக்குள்ள அப்படியே நிக்குது. அதுக்கப்பறம் அவரு என்ன நெனைச்சாரோ, மனசு மாறுனாரோ மாறலையோ, எனக்கு என்ன தெரியும்? கடைசியாச் சொன்னது அதுதானே. நான் அதைப் புடிச்சுக்கிட்டேன், உடலை.

அப்பறம்தான் இந்த சோலாரு வந்துது. இந்தப் பக்கம் வெயிலுக்கா பஞ்சம்? எல்லா ஊட்டு மேலயும் பேனல் போட்டாச்சு. அவரு கொப்பரைக் களத்துச் செட்டு மேல போட்டதுதான் இருக்கறதுலயே பெருசு. அவருக்கு எதுவா இருந்தாலும் பெருசா இருக்கோணும். ஆனா எல்லாத்துக்கும் சேத்து ஒத்தை டிரான்ஸ்பார்மரு, அதுவும் லைனோட கடைசியில. மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்தா எல்லா ஊட்டுக் கரண்டும் ஒரே நேரத்துல லைனுக்குப் பாயுது, எடுத்துக்க ஆளில்லை. வோல்டேஜ் ஏறி பியூஸ் போயிரும். அதுக்குத்தான் உங்க கம்பெனி ஊட்டுக்கு ஊடு பொட்டி மாட்டுச்சு. உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், தப்புன்னாச் சொல்லுங்க. கோயமுத்தூர் ஆபீஸ்ல இருந்து சேதி வரும். பச்சை லைட்டுன்னா முழுசாக் குடு. மஞ்சள்னா கொறைச்சுக்க. பொட்டி அதைக் கேட்டு பேனலைக் கொறைச்சுக்கும். எல்லாரும் கொஞ்சங் கொஞ்சம் கொறைச்சா எல்லாருக்கும் கரண்டு நிக்கும். அருமையான ஏற்பாடு. அதை நான் குத்தமே சொல்லலை.

குத்தம் எங்க வந்துதுன்னா, பள்ளத்துல டவர் எடுக்காது. செல்போனே எடுக்காதுங்க. அவரு யாருகூடயாவது பேசோணும்னா ரோட்டு வரைக்கும் ஏறி வரோணும். அப்ப அவரு பொட்டிக்கு மட்டும் சேதி எப்படிப் போகும்? உங்க கம்பெனி என்ன பண்ணுச்சு, என்ற ஊட்டுப் பொட்டிக்கு ரெண்டு கொம்பு வெச்சுது. ஒரு கொம்பு டவரைப் பார்த்து. இன்னொண்ணு பள்ளத்தைப் பார்த்து. இதை எனக்கு ஒருத்தரும் சொல்லலை. ஒரு நாளு ஜெசிந்தா வந்துது. உங்க கம்பெனி இஞ்சினியருதான், நாகர்கோயில் பக்கத்துப் புள்ள, ஸ்கூட்டர்ல வரும். தெரியுங்களா? நல்ல புள்ளைதான், வாய்தான் கொஞ்சம் நீளம், என்னையே மிஞ்சிரும். அதுகிட்டக் கேட்டேன், இந்த ரெண்டாவது கொம்பு எதுக்கு சாமின்னு.

"அக்கா, அது கீழ உள்ள வீட்டுக்காக்கும். உங்க பெட்டி கேட்டதை அவிய பெட்டிக்குச் சொல்லும். நீங்க சொன்னாத்தான் அவியளுக்குத் தெரியும்."

எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறிருச்சு. பேச்சு வார்த்தை இல்லாத ஊட்டுக்கு என்ற ஊட்டுப் பொட்டி எதுக்குங்க சேதி சொல்லோணும்? நான் இங்க ரோசத்தோட இருக்கறேன், எந்தலைக்கு மேலயே ஒண்ணு உக்காந்துக்கிட்டு நாள் பூரா அவருகூடப் பேசிக்கிட்டு இருந்திருக்குது. ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? வெளியில வீம்பு, உள்ளுக்குள்ள குசலம்னு சொல்ல மாட்டாங்களா?

ஜெசிந்தா வண்டி அந்தத் திருப்பம் தாண்டுச்சோ இல்லையோ, பழைய எண்ணெய் டின்னு ஒண்ணை எடுத்துட்டுப் போய் அந்தக் கொம்பு மேல கவுத்துட்டேன். பொட்டியைத் தொடலை. டவரைப் பார்த்த கொம்பைத் தொடலை. உங்க கம்பெனிக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணலை. என்ற ஊட்டுக் கொம்பு யாருகூடப் பேசலாம், யாருகூடப் பேசக் கூடாதுன்னு நான்தானே முடிவு பண்ணோணும்? ஆபீஸ்ல பள்ளத்துப் பொட்டி பதில் சொல்லாம செவப்புக் காட்டுதுன்னு ஜெசிந்தா போன் பண்ணிக் கேட்டுது, அங்க மழை கிழை பெய்யுதாக்கான்னு. மழைக்கு எங்க போறது? மழையெல்லாம் இல்லை சாமின்னேன். நான் பொய் சொல்லலைங்க. மழை இல்லைதானே.

அது போன வருசம் கத்திரி வெயில் காலம். செட்டுல கோழி விக்கற பருவத்துக்கு வந்திருச்சு. அந்தப் பருவத்துல மத்தியானம் பேன் நின்னாத் தீந்துது. எங்க ஜெனரேட்டரு ரிப்பேருக்குப் போயிருந்துது. வெயில் ஏற ஏற மஞ்சள் வந்துது. மேட்டுல எல்லா ஊடும் கொறைச்சுது, என்ற பொட்டியும் கொறைச்சுது. பள்ளத்துப் பேனல் மட்டும் கொறையலை. அவரு அன்னைக்குக் கொப்பரை வேலையும் பாக்கலை, செட்டுல ஒரு மோட்டாரும் ஓடலை, அத்தனை கரண்டையும் லைனுக்கே ஊத்திக்கிட்டு இருக்குது. டப்புன்னு பியூஸ் போச்சு. லைன் போனா எங்க பேனலும் தானா நின்னுரும். பேன் நின்னுது.

தம்பி, நீங்க கோழி சாகறதைப் பாத்திருக்கறீங்களா? மொதல்ல எல்லாம் வாயைத் தொறந்துக்கும். றெக்கையை அகட்டி வெச்சுக்கிட்டு நிக்கும். அப்பறம் ஒண்ணு மேல ஒண்ணாச் சாயும். சத்தமே வராதுங்க. நானும் எங்கூட்டுக்காரரும் கீர்த்தனாளும் தண்ணியை வாரி வாரி எறைச்சோம். லைன்மேன் வந்து பியூஸ் போடறதுக்குள்ள கெழக்கு வரிசை பூராச் சாஞ்சு போச்சு. நான் அந்தத் தொழி மண்ணுலயே உக்காந்து அழுதேன். குஞ்சுல இருந்து நான் வளத்துனது.

அழுது முடிச்சு, நேரா வரப்புக்குப் போய், பள்ளத்தைப் பார்த்து மண்ணை வாரித் தூத்துனேன். வேணும்னே கொறைக்காம உட்டிருக்கறாரு மனுசன், என்ற பொழப்புல மண்ணைப் போடறதுக்குன்னு. அவரு பதறி எந்திரிச்சு நின்னு பாத்தாரு, ஒண்ணும் புரியாத மாதிரி. நடிப்புன்னு நெனைச்சேன். டின்னா? டின்னை நான் நெனைக்கவே இல்லைங்க, சத்தியமா. எண்ணெய் டின்னுக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த நாளு ஜெசிந்தா வந்துது. இதே ஏணியிலதான் ஏறுச்சு. மேல நின்னுக்கிட்டு டின்னைத் தூக்கிக் காட்டுது. கீழ அக்கம் பக்கத்துச் சனமெல்லாம் நிக்குது.

"அக்கா, இது என்னது?"

"டின்னு."

"இங்க எதுக்கு?"

"காக்கா கொத்தும்னு வெச்சேன்."

"ஒரு கொம்பை மட்டும் கொத்துற காக்காவா?"

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எங்கூட்டுக்காரரே சிரிச்சாரு. அவருகூட ரெண்டு நாளு பேசலை நானு. அப்பறம் அந்தப் புள்ள கீழ எறங்கி வந்து, எம்பக்கத்துல உக்காந்து, பொறுமையாத்தான் சொல்லுச்சு. "அக்கா, கேளுங்க. சேதி வரல்லேன்னா அந்தப் பெட்டி தானா ஒண்ணும் முடிவெடுக்காது. கடைசியா என்ன கேட்டுதோ, அதையே பிடிச்சுட்டு இருக்கும். டின்னு மூடுறதுக்கு முன்ன பச்சைன்னு கேட்டுது. பொறவு இங்க என்ன மாறினாலும் அதுக்கு பச்சைதான். அவிய மேல தப்பு இல்ல, பெட்டி மேலயும் தப்பு இல்ல. யாரும் அதுக்குச் சொல்லல்ல, அவ்வளவுதான்."

நான் உட்டனா? "அட, என்ன கெரகம் புடிச்ச பொட்டி இது! என்னைக்கோ கேட்டதைப் புடிச்சுக்கிட்டு, ஆகாசமே இடிஞ்சாலும் அப்படியேதான் நிப்பேன்னு நின்னா அதுக்குப் பேரு புத்தியா? சித்த அங்க இங்க பாத்து, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்னு தோணாது அதுக்கு?"ன்னேன். ஜெசிந்தா என்னையே பாத்துக்கிட்டு இருந்துது. அப்பறம் பள்ளத்தைப் பாத்துது. மறுபடியும் என்னைப் பாத்துது. நான் கேட்டது நாயம்.

டின்னை எடுத்துட்டேன். கோழிக்காகத்தான் எடுத்தேன், வேற எதுக்கும் இல்லை. அதையும் எல்லார்கிட்டயும் சொல்லிப்போட்டேன்.

அப்பறம் இந்த வருசம் மாரியம்மன் நோம்பி. ஊரு பூராத் தேருக்குப் போயிருச்சு. எங்கூட்டுக்காரரும் கீர்த்தனாளும் போயிட்டாங்க. செட்டுல கோழி இருக்குது, நான் போகலை. மத்தியானம் ஜெசிந்தா போன் பண்ணுது. கொரலே சரியில்லை. "அக்கா, மஞ்சள் அனுப்பியாச்சு, கீழ உள்ள பெட்டி பதில் சொல்லல்ல. வோல்டேஜ் ஏறிட்டே போகுது. உங்க மாடியைக் கொஞ்சம் பாருங்க." பாத்தா, ஒரு மயிலு. பள்ளத்தைப் பார்த்த கொம்பு மேல உக்காந்து கம்பியைத் தரையைப் பாக்க வளைச்சுப் போட்டு, எனக்கென்னன்னு அகவிக்கிட்டு இருக்குது.

"நான் தாராபுரத்துல நிக்கேன், வர நேரமாகும். நீங்க போய் அவியகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். கொப்பரைச் செட்டுப் பேனல் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்க."

"நானா? வேற ஆளைப் பாரு சாமி."

"வேற யாருக்கா அங்க இருக்கா?"

சுத்திப் பாத்தேன். ஒரு ஈ, காக்கா இல்லை. செட்டுல பேன் சத்தம் மாறிருச்சு. வோல்டேஜ் ஏறுனா அது ஒரு மாதிரி உறுமும், எனக்கு நல்லாத் தெரியும். கெழக்கு வரிசை கண்ணு முன்னால வந்து நின்னுது. போனைக் கையில புடிச்சுக்கிட்டே வரப்புக்கு ஓடுனேன். அவரு களத்துல முதுகைக் காட்டிக்கிட்டு கொப்பரையைக் கிண்டி உட்டுக்கிட்டு இருக்கறாரு. பக்கத்துல அவரு செவலைக் காளை கட்டியிருக்குது. எப்படிங்க கூப்பிடறது? இத்தனை வருசம் கழிச்சு என்னன்னு கூப்பிடறது?

நான் "அண்ணா"ன்னு கத்துனேன்னு ஜெசிந்தா சொல்லிக்கிட்டுத் திரியுது. போன்ல கேட்டுச்சாம். கேட்டிருக்காது. அன்னைக்கு நல்ல காத்து. காத்துல யாருக்கு என்ன வேணாக் கேக்கும். நான் கூப்பிட்டது டைகரை. டைகரு எங்க நாயி, எங்கால்கிட்டதான் நின்னுது. "ஏ டைகரு! மஞ்சள் வந்திருச்சு! செட்டு சுவிட்சை அணைக்கச் சொல்லு! கோழியெல்லாம் சாகப் போகுது!"ன்னு டைகர்கிட்டத்தான் சொன்னேன். நாய்கிட்டச் சொல்றது பேச்சுல சேருமா? சேராது. சண்டைக்காரங்க ஜாடையாச் சொல்லிக்கறது எல்லா ஊருலயும் இருக்கறதுதான். அது கணக்குல வராது.

அவரு திரும்புனாரு. என்னைப் பாக்கலை. வேட்டி அவுருது, அதை ஒரு கையில புடிச்சுக்கிட்டு சுவிட்சுக்கு ஓடுனாரு, அந்த வயசுல. அணைச்சுட்டு, மூச்சு வாங்கிக்கிட்டே வந்து, செவலை கழுத்துல கையை வெச்சுக்கிட்டு, "கேட்டுச்சு, அணைச்சாச்சுன்னு சொல்லு"ன்னாரு. செவலைகிட்டத்தான்.

பேன் சத்தம் சரியாச்சு. ஒரு கோழி சாகலை. நான் உடனே திரும்பி வந்திருக்கலாம். வரலை, சித்த நேரம் வரப்புலயே நின்னேன். அவரு கொரலு ஒடைஞ்சு போயிருக்குதுங்க தம்பி. முந்தி வரப்புல நின்னு கத்துனா மூணு காட்டுக்குக் கேக்கும். வயசாயிருச்சு. எனக்கு அது தெரியவே தெரியாது.

அன்னையில இருந்து இப்படியேதான். ஜெசிந்தா வந்து கம்பியை நிமித்தி வெச்சுட்டுத்தான் போச்சு. ஆனா நிக்கறதில்லை. ஒரு நாளு எடுக்குது, ஒரு நாளு எடுக்கறதில்லை. அதை நம்பி எப்படி உக்காந்திருக்கறது? மஞ்சள் வந்தா நான் வரப்புக்குப் போயி டைகர்கிட்டச் சொல்லிருவேன். அவரு செவலைகிட்ட, கேட்டுச்சுன்னு சொல்லிருவாரு. பச்சை வந்தாலும் சொல்லிருவேன். அவரு பொட்டிக்குச் சேதி முன்னாலயே வந்திருந்தாலும், வந்திருச்சேன்னு ஒரு நாளும் சொன்னதில்லை, கேட்டுச்சுன்னுதான் சொல்லுவாரு. உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பள்ளத்துக் கோடு உட்டு உட்டு வருதுன்னு பொலம்பறாங்களாம். கோடு வராட்டி என்ன? எங்க டிரான்ஸ்பார்மருல அதுக்கப்பறம் ஒருக்காவாவது பியூஸ் போயிருக்குதா? கேட்டுப் பாருங்க.

மயிலை வெரட்டோணுமாம். ஜெசிந்தா சொல்லுது. முருகன் வாகனத்தை வெரட்டச் சொல்றீங்களா? நான் வெரட்ட மாட்டேன். வாயில்லாச் சீவன், வெயில்ல அலையுது, மாடியில ஒரு கைப்பிடி கம்பு போட்டு வெக்கறேன், வந்து தின்னுட்டுப் போகுது. கொம்புகிட்டத்தான் போடறேன், வேற எங்க போடறது, அங்கதான் நெழலு இருக்குது. அதுவும் இல்லாம மயிலை மட்டும் சொன்னா எப்படி? நடுவுல அவரு தென்னை மட்டை தொங்குது பாருங்க, காத்தடிச்சா அதுதான் குறுக்க வந்து மறைக்குதுன்னு ஜெசிந்தாவே சொல்லுச்சு. மட்டையைக் கழிச்சு உடுங்க மாமான்னு எத்தனை தடவை சொல்லியிருக்குது. கழிக்கறாரா? மத்த மரத்துக்கெல்லாம் கழிச்சாச்சு, அந்த ஒரு மரத்தை மட்டும் தொடறதில்லை. எப்பேர்ப்பட்ட வீம்பு பாருங்க. அவங்க அப்பாகிட்ட இருந்து வந்தது. எங்கப்பாவுந்தான்.

இப்ப நீங்க வந்து ஏணி குடுங்கறீங்க. பள்ளத்துல கம்பம் நட்டா அவரு பொட்டி டவர்கிட்டயே நேராக் கேட்டுக்கும். சரி. கேட்டுக்கட்டும். அப்ப கேட்டுச்சுன்னு யாருங்க சொல்லுவா? உங்க கம்பம் சொல்லுமா? லைட்டு எரியும்ங்கறீங்க. லைட்டு எரிஞ்சா? லைட்டுக்கு மூச்சு வாங்குமா? நான் எதுக்கு அப்பறம் வரப்புக்குப் போகோணும்? என்ன சாக்குல போகோணும்? சொல்லுங்க பாக்கலாம்.

இன்னொண்ணு இருக்குது. அதையும் சொல்லிப்போடறேன், உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன. முந்தாநாளு மஞ்சள் வந்துது. சொன்னேன். கேட்டுச்சுன்னாரு. திரும்பி வர வேண்டியதுதானே? டைகர்கிட்டப் பேச்சுவாக்குல சொன்னேன், "ஏ டைகரு, வர்ற ஆவணியில நம்ம கீர்த்தனாளுக்குக் கண்ணாலம். பந்தக்கால் நட மாமன் வரோணும். ஆறுச்சாமி சொல்லலை, அவன் சொல்லலை, இவன் சொல்லலைன்னு அப்பறம் யாரும் பேசக் கூடாது. நானே சொல்றேன்"ன்னு. மனசுல இருக்கறதை நாய்கிட்டச் சொல்றதுல என்ன தப்பு? பள்ளத்துல கொப்பரை கிண்டற சத்தம் நின்னு போச்சு. அப்பறம், "கேட்டுச்சு"ன்னாரு.

அவ்வளவுதான். வர்றேன்னும் சொல்லலை, வரலைன்னும் சொல்லலை. கேட்டுச்சுங்கறது பதிலுங்களா தம்பி? சேதி வந்து சேந்துதுங்கறதுக்கு அடையாளம் அது. பதிலு இனிமேத்தான் வரோணும். நேத்து பூரா மோடம் போட்டு வெயிலே இல்லை, ஒரு மஞ்சளும் வரலை. காலையில இருந்து அந்த லைட்டையே பாத்துக்கிட்டு இருக்கறேன். சோறு எறங்கலை. அந்தப் புள்ளைக்கு ஒருக்கா மாமன் இல்லாமச் சீரு பண்ணி அது மொகம் விழுந்ததைப் பாத்துட்டேன். கண்ணாலத்துலயும் அதைப் பாக்க என்னால ஆகாது. இந்த நேரம் பாத்து நீங்க ஏணியைக் கேட்டு...

இருங்க. மஞ்சள்! மாடிச் செவுத்துல, பாத்தீங்களா? வாங்க, நீங்களும் வரப்பு வரைக்கும் வாங்க. டம்ளரை அப்படியே வெச்சுட்டு வாங்க. பேசாம நிக்கோணும்.

"ஏ டைகரு! மஞ்சள் வந்திருச்சுன்னு சொல்லு!"

கேட்டீங்களா? கேட்டுச்சுங்கறாரு. உங்க லாரிக்காரங்க கம்பத்தை எறக்கிப் போட்டு, கடப்பாறையோட நிக்கறாங்க பாருங்க. அவரு அவிங்களைப் பாக்கலை. செவலைகிட்டப் போறாரு. இன்னும் என்னமோ சொல்லப் போறாரு. சித்த மூச்சு உடாம இருங்க தம்பி.

"ஏ செவலை! என்ற மண்ணுல கம்பமும் வேண்டாம், கிம்பமும் வேண்டாம்னு சொல்லு! ஆவணியில மேட்டுல பந்தக்கால் நடோணும். நான் குழி தோண்டுனா அங்கதான் தோண்டுவேன்னு சொல்லு! கேட்டுச்சான்னு கேளு!"

"கேட்டுச்சு! கேட்டுச்சு! நல்லாக் கேட்டுச்சு!"

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? ஆமா, அழுகறேன். என்ற ஊட்டு வரப்பு, நான் அழுகறேன். டைகரா? டைகரு வரலையா? அங்க வேப்ப மரத்தடியில தூங்குதா? தூங்குனா என்ன இப்ப? அதுக்கு என்னைக்கு ஒழுங்காக் காது கேட்டுது?

ஏணி கெடையாதுங்க. எங்கண்ணன் கம்பம் வேண்டாம்னு சொல்லிட்டாரு, அதுக்கு மேல எனக்கென்ன தனிப் பேச்சு? உங்க ஆபீஸ்ல போய் இப்படியே சொல்லுங்க. சொல்லிட்டு, கேட்டுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.